லேடாங் மலையும் சயாம் ரயில் பாதையும்



தங்காக் பக்கம் பஸ்ஸில் சென்றவர்கள் லேடாங் மலையைப் பார்த்திருப்பீர்கள். 1,276 மீட்டர் உயரம். வெள்ளைக்காரர்கள் அதற்கு ஒஃபிர் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1854ஆம் ஆண்டு ஓர் ஆங்கிலேயர் மலாக்காவிலிருந்து புறப்பட்டு இந்த மலையில் ஏறினார். பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்துக்கொண்டு இறங்கினார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்பது அவர் பெயர். நான்கு ஆண்டுகள் கழித்து, கிழக்கே மலுக்குத் தீவுகளில் இருந்தபோது, அவர் ஒரு கட்டுரை எழுதி டார்வினுக்கு அனுப்பி வைத்தார். டார்வின் இருபது ஆண்டுகளாக எண்ணி எண்ணி வைத்திருந்த அதே கருத்து அதில் இருந்தது. 1858 ஜூலை முதல் நாள் லண்டனில் இருவர் எழுத்தும் ஒரே கூட்டத்தில் படிக்கப்பட்டன.

பிழைக்கக் கூடியதைவிட அதிகமாகவே உயிர்கள் குஞ்சு பொரிக்கின்றன. ஒன்று போல் மற்றொன்று இருப்பதில்லை. இருக்கிற இடத்துக்குப் பொருந்தியவை அதிகம் பிழைத்துச் சந்ததியை விடுகின்றன. இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். இதில் நல்லது, கெட்டது என்ற பேச்சே இல்லை.

இந்தக் கருத்து, மலாயாவைச் சுற்றிய ஒருவரின் மூளையிலும் உதித்த கருத்து, தொண்ணூறு ஆண்டு ஆவதற்குள் வேறு உடை உடுத்திக்கொண்டு நம் தோட்டத்து லயங்களுக்குள் நுழைந்தது. அந்தக் கதையையே இன்று பேச விரும்புகிறோம். பேசத் தூண்டியவன் நம் வகுப்பு மாணவன் ஒருவன். திடலில் சிறியவனைத் தள்ளிவிட்டதற்காகக் கண்டித்தபோது அவன் சொன்னான்: "பலம் உள்ளதுதானே சார் பிழைக்கும்? அறிவியல் பாடத்திலே அப்படித்தானே இருக்கு?" அந்த நேரத்தில் நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்று இரவு முழுவதும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"பலம்" என்ற அந்தச் சொல்லில்தான் முதல் தவறு. "தக்கது பிழைக்கும்" என்ற தொடரை ஆக்கியவர் டார்வின் அல்லர். ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற தத்துவ ஆசிரியர், 1864இல். அதை எடுத்துக்கொள்ளும்படி டார்வினை வற்புறுத்தியவர் யார் தெரியுமா? நம் வாலஸ்தான்! டார்வினும் 1869இல் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். தக்கது என்றால் இடத்துக்குத் தக்கது. நம் பால் மரத்தையே பாருங்கள். அதன் தாயகம் பிரேசில். அங்கே ஹென்றி ஃபோர்டு 1928இல் பெரிய ரப்பர்த் தோட்டம் போட ஆரம்பித்தார், இலைக்கருகல் நோய் தாக்கி மரங்கள் அழிந்தன, 1945இல் தோட்டம் கைவிடப்பட்டது. அந்த நோய் வராத மலாயாவிலோ அதே மரம் மலையும் மேடும் மூடி வளர்ந்தது. சொந்த ஊரில் தகாதது, வந்த ஊரில் தக்கதாயிற்று. இதில் உயர்ந்த மரம் எது, தாழ்ந்த மரம் எது?

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேரரசுகளுக்கு இந்த நுட்பம் தேவைப்படவில்லை. வென்றவன் தக்கவன், தக்கவன் வென்றதே அறம் என்று அவை வாசித்துக்கொண்டன. 'வல்லவன் வகுத்ததே வாய்க்கால்' என்று நம்மவர் வயிற்றெரிச்சலோடு சொல்வதை, அவர்கள் அறிவியல் என்று சொன்னார்கள். தமிழன் அடங்கி நடப்பவன், இன்ன இனம் இன்ன வேலைக்கே ஆகும் என்று தோட்டத் துரைமார் இனங்களை வரிசைப்படுத்தியதும் அந்தக் காற்றில்தான். ஆகவே ஜப்பானியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது.

ஜப்பானுக்கு இந்தக் கருத்து வந்த ஆண்டு 1877. எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலார் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் டார்வினைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதே பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கட்டோ ஹிரோயுகி. மனிதர் எல்லாரும் பிறப்பிலேயே உரிமை பெற்றவர்கள் என்று முதலில் எழுதியவர் அவர். பரிணாமக் கருத்தைப் படித்த பின் தம் பழைய நூல்களை விற்பனையிலிருந்து தாமே நிறுத்திவிட்டு, 1882இல் புதிய நூல் ஒன்றை வெளியிட்டார். பிறப்புரிமை என்பது வெறும் கற்பனை, வலியவர் மேலோங்குவதே இயற்கையின் சட்டம் என்பது அதன் சாரம். இயற்கையில் இப்படி நடக்கிறது என்பதிலிருந்து, மனிதனும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று தாவினார். முதல் கூற்று ஆராய்ச்சிக்கு உரியது. இரண்டாவது வெறும் ஆசை. படித்த மனிதர், வலுக்கட்டாயம் ஏதுமின்றித் தாவிய தாவல் அது. நமக்கு இவரை நினைத்தால்தான் அதிக வருத்தம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பேரரசர் சூரிய தேவியின் வழிவந்தவர் என்று பள்ளிகளில் கற்பித்தார்கள். உயிர்கள் அனைத்தும் பொது மூதாதையிலிருந்து வந்தவை என்கிறார் டார்வின். இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி இருந்தன? ஜப்பானின் இராணுவ ஆட்சிக்கு அரியணைக் கதைதான் வேராக இருந்தது, டார்வின் பெயர் மேல்பூச்சே என்று கூறுவாரும் உளர். அதில் உண்மை உண்டு. ஆயினும் மேல்பூச்சு என்று ஒதுக்கிவிட முடியாத சில உள்ளன. ஜெர்மனியில் நாஜிகள் 1933இல், பரம்பரை நோய் உள்ளவர் என்று முடிவு கட்டப்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடைச் சட்டம் செய்தார்கள். 1939 முதல் மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் கொல்லவே தொடங்கினார்கள். ஜப்பான் 1940இல் அதே சாயலில் தேசிய இனமேம்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 1943 ஜூலையில் ஜப்பானிய சுகாதார நல அமைச்சின் ஆய்வாளர்கள் 3,000 பக்கங்களுக்கு மேற்பட்ட ஓர் அறிக்கையை முடித்தார்கள். யமாத்தோ இனத்தை, அதாவது ஜப்பானிய இனத்தை, நடுவில் வைத்து உலகத்தை எப்படி அமைப்பது என்பது பொருள். ஆசியா ஒரு குடும்பமாம். ஜப்பான் என்றென்றும் தலைவராம். மற்ற இனங்கள் தத்தமக்குரிய இடத்தில் இருக்க வேண்டுமாம். பிள்ளை வளர்ந்து பெரியவனாகவே முடியாத குடும்பம் அது.

அதே ஜூலை மாதம் நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்? சயாம் காட்டில்.

1942 ஜனவரி 31ஆம் நாள் ஜொகூர் பாரு வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அடுத்து நடந்த சீனர் படுகொலைகளை இங்கே விரிக்க நேரமில்லை. அவ்வாண்டு ஜூனில் மிட்வே கடற்போரில் தோற்ற பிறகு பர்மாவுக்குக் கடல்வழி ஜப்பானுக்கு ஆபத்தாயிற்று. ஆகவே பான் பொங்கிலிருந்து தன்பியூசாயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. பாதையைப் போட்டது போரின் அவசரம், கட்டோவின் நூல் அன்று. இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் யாரை எப்படிச் செலவழிக்கலாம் என்று தீர்மானித்த மனத்துக்கு அந்த இன வரிசை தயாராகக் கையில் இருந்தது.

மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு வளைத்துப் பிடித்துச் சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000க்கு மேல். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். எங்கள் பாட்டனாரின் தமையனாரும் அதில் ஒருவர். 1943இல்தான் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார், நம் இளைஞர்களும் பெண்களும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை இராணுவத்துக்கும், அடுத்த வீட்டுப் பிள்ளை சயாமுக்கும் போன காலம்.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். அந்தப் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செய்தார்கள். 12,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர்கள் 180,000க்குக் குறையார். இறந்தவர்கள் 90,000 என்பது பொதுவான மதிப்பீடு. ஏறத்தாழப் பாதிப் பேர். காடு ஒன்று, மழை ஒன்று, 1943இல் பரவிய காலராவும் ஒன்று. வெள்ளையர் உடம்பு தக்க உடம்பா? அவர்களிடம் இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும், கக்கூஸ் குழியைத் தள்ளி வெட்ட வேண்டும், நோயாளியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். நம்மவர்களை ஊர் ஊராகப் பிடித்து வந்து, தலைவன் இல்லாமல், வைத்தியன் இல்லாமல் கொட்டினார்கள். உயிரைக் காத்தது கொதித்த தண்ணீரும் ஒருவர்க்கொருவர் துணையும். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை உண்டு. நம்மவர்களுக்கு அப்படி எழுதி வைத்த பெயர்ப் பட்டியல் இல்லை. பாட்டனாரின் தமையனார் எந்த முகாமில், எந்த மாதத்தில் இறந்தார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

ஜப்பானில் அந்த 1940ஆம் ஆண்டுச் சட்டம் 1948இல் வேறு பெயரில் மறுபிறவி எடுத்து 1996 வரை இருந்தது. ஏறக்குறைய 25,000 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. 2024 ஜூலை 3ஆம் நாள் ஜப்பானின் உச்ச நீதிமன்றமே அச்சட்டம் அரசமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. வாலஸோ, உயிரோடு இருந்தபோதே மனிதரைத் தரம் பிரித்து இனவிருத்தி செய்யும் யோசனையைக் கடுமையாக எதிர்த்தவர்.

நாம் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்தில் சயாமிலிருந்து திரும்பி வந்த தாத்தா ஒருவர் இருந்தார். அந்தக் காட்டைப் பற்றி அதிகம் பேச மாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும், எவ்வளவு தாகமாக இருந்தாலும், பச்சைத் தண்ணீரைத் தொட மாட்டார். "காய்ச்சினதா தாயி?" என்று கேட்டுவிட்டுத்தான் குவளையை வாங்குவார். விளையாடிவிட்டு ஓடிவந்து குழாயில் வாய் வைக்கும் எங்களையும் விட மாட்டார்; தம் வீட்டு அடுப்பில் எப்போதும் ஒரு பெரிய கேத்தல் தண்ணீர் காய்ச்சி ஆற வைத்திருப்பார், லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்குமாக.