நூலைச் சந்தாவாகக் கேட்ட சங்கம்

உறுப்பினராகச் சேர மாதம் 1000 கஜம் நூல் கட்ட வேண்டும். பணமாகக் கொடுத்தால் செல்லாது. நூலும் கடையில் வாங்கியதாக இருக்கக்கூடாது. சேருகிறவரே ராட்டையில் நூற்றிருக்க வேண்டும். அவ்வளவு முடியாதவர்களுக்கு இரண்டாம் வகுப்பு உறுப்பினர் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அவர்கள் வருடத்துக்கு 2000 கஜம் கொடுத்தால் போதும். 1925 செப்டம்பரில் பாட்னாவில் காந்தி தொடங்கிய அகில இந்திய சர்க்கா சங்கத்தின் விதி இது. அந்தச் சங்கம் தன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தேர்ந்தெடுத்த ஊர் திருப்பூர்.

இலாப நோக்கமற்ற அமைப்பு என்று இன்று நாம் சொல்வது இந்த வட்டாரத்தில் அந்தக் கிளையோடுதான் பிறந்தது என்பது என் எண்ணம். தண்ணீர்ப் பந்தலும் சத்திரமும் கோயில் கட்டளையும் அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இருந்தன. ஆனால் அவை கொடுப்பவர் மனம் வைத்தால் நடப்பவை. விதிமுறை எழுதி, கணக்கு வைத்து, சரக்கு வாங்கி விற்று, மிஞ்சுகிற காசை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாதபடி கட்டிய அமைப்பு இங்கே அதுதான் முதலாவதாக இருக்கும்.

திருப்பூரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. பருத்திச் சந்தை இருந்தது, ரயில் இருந்தது. அதைவிட முக்கியமாக, மில் நூல் வந்து ஊரெல்லாம் ராட்டையைப் பரணில் ஏற்றிய பிறகும், படியூர், ஊத்துக்குளி பக்கத்துக் கிராமங்களில் கைநூற்பு முழுதாகச் சாகவில்லை. மழை மறைவுப் பூமி. காட்டு வேலை இல்லாத கோடை மாதங்களில் பெண்களுக்குக் கையில் காசு வர வேறு வழி கிடையாது. சங்கத்து ஆள் கிராமத்துக்கு வருவார். பஞ்சை நிறுத்துக் கொடுப்பார், நூற்ற சிட்டங்களை வாங்குவார், நம்பரும் முறுக்கும் பார்த்துக் கூலி தருவார். அந்த நூல் நெசவாளி வீட்டுக்குப் போய்த் துணியாகித் திருப்பூருக்குத் திரும்பி, வெளுத்து மடித்து வெளியூர்க் கடைகளுக்கு ஏறும். இதில் முதலாளி என்று ஒருவர் இல்லை.

இதற்கு முன்னோட்டமாகக் காங்கிரஸின் கதர் வாரியம் இருந்தது; தமிழ்நாட்டில் அதற்குத் தலைமை ஏற்றுக் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர் பெரியார். சர்க்கா சங்கக் கிளையின் செயலாளராக இருந்த எஸ்.ராமநாதன், பிறகு பெரியாரோடு சுயமரியாதை இயக்கத்துக்குப் போனார். பின்னாளில் அந்தப் பொறுப்புக்கு வந்த கோவை அய்யாமுத்து, காங்கேயம் பக்கத்துக்காரர், வைக்கம் போராட்டத்தில் பங்கெடுத்தவர். 1932 ஜனவரியில் தடியடியில் விழுந்து இறந்த குமரன், தேசபந்து வாலிபர் சங்கத்துக்காரர். சின்ன ஊருக்குள் இத்தனை சங்கம், இத்தனை கருத்து வேறுபாடு. தொண்டு அமைப்பு என்றால் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று நினைப்பவர்கள் அந்தப் பத்தாண்டுகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

சங்கம் தொடங்கிப் பத்து வருடத்தில் அதன் அடிமடியிலேயே ஒரு கேள்வி விழுந்தது. நாள் முழுக்க நூற்றாலும் ஓரிரண்டு அணா தேறாத வேலைக்கு ஏழைகளை வைத்துக்கொண்டு, ஏழைகளுக்கு உதவுகிறோம் என்று சொல்வது நியாயமா? கேட்டவர் சங்கத் தலைவரான காந்தியேதான். எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா கொடுங்கள் என்றார். கிளைச் செயலாளர்கள் திகைத்தார்கள். கூலி ஏறினால் கதர் விலை ஏறும், விலை ஏறினால் வாங்குகிறவர் குறைவார், கடைசியில் நூற்பவளுக்கே வேலை போகும் என்றார்கள். பனியன் தொழிலில் யாரிடம் கூலி உயர்வு பற்றிப் பேசினாலும் இதே பதில்தான் இன்றைக்கும் வரும். 1935 அக்டோபரில் வார்தாவில் கூடிய சங்கம் எட்டணாவுக்கு வரவில்லை. ஆனால் அளவுகோலை மாற்றியது. எட்டு மணி நேரம் திறமையாக நூற்கிறவருக்கு உடம்பைக் காக்கும் சாப்பாடும் வருடத்துக்கு 20 கஜம் துணியும் கட்டுப்படியாகிற கூலி வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சந்தை என்ன கொடுக்கும் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு மனுஷிக்கு என்ன தேவை என்று கணக்குப் போட்டார்கள். விலை ஏறியது, விற்பனை தடுமாறியது. ஆனாலும் தீர்மானத்தைத் திரும்பப் பெறவில்லை. இந்த வட்டாரத்துத் தொண்டு வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான்.

அடுத்து வந்தது வருமான வரித் துறை. நீங்கள் பஞ்சு வாங்குகிறீர்கள், துணி விற்கிறீர்கள், வருமானம் வருகிறது, காங்கிரஸோடு சேர்ந்தவர்கள் வேறு. வரி கட்டுங்கள் என்றது. பம்பாய் உயர் நீதிமன்றமும் சங்கத்துக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1944-ல் லார்ட் ரைட் தீர்ப்பளித்தார். இந்தச் சங்கத்தின் நோக்கம் ஏழைகளின் துயர் துடைப்பது; வாங்குவதும் விற்பதும் அதற்கான வழிதான்; ஆகவே இது அறப்பணி என்பது தீர்ப்பின் சாரம். சங்க விதியிலேயே, காங்கிரஸின் அங்கமாக இருந்தாலும் அரசியல் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று எழுதி வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது.

பெரிய வழக்கு அது. வியாபாரம் செய்கிற அமைப்பு தொண்டு அமைப்பாக இருக்க முடியுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் நம் நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பைத் தேடிப் போயின. 1961 வருமான வரிச் சட்டம் பொதுநலம் என்ற பழைய சொற்களை வைத்துக்கொண்டே, 2009 முதல் பொதுநல அமைப்புகள் வியாபாரம் செய்வதற்கு வரம்பு போட்டது. அந்த வரம்பைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தபோது, வழக்கில் இருந்தவர்களில் ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலும் ஒன்று. திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு நன்கு பழகிய கவுன்சில்தான். ராட்டைக்காக எழுந்த கேள்வி ஏற்றுமதி ஆடைக்கும் வந்து சேர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1957-ல் கதர் கிராமத் தொழில் ஆணையம் வந்தது. சர்க்கா சங்கத்தின் வேலை சர்வோதய சங்கங்களின் கைக்குப் போய், பகுதி பகுதியாகப் பிரிந்தது. படியூருக்கு ஒன்று, ஊத்துக்குளிக்கு ஒன்று என்று அவை இன்னும் இருக்கின்றன. ஆனால் ஊரின் மையம் நகர்ந்துவிட்டது. பனியன் பின்னும் இயந்திரத்தைக் கல்கத்தாவிலிருந்து குலாம் காதர் கொண்டுவந்ததும் 1925-ஐ ஒட்டித்தான் என்று பரவலாகச் சொல்வார்கள். இலாபம் வேண்டாத தொழிலும் இலாபத்தை நம்பிய தொழிலும் ஒரே ஊரில் சேர்ந்தே வளர்ந்தன. இரண்டாவது வென்றது. வென்ற பிறகு அதற்கும் சங்கம் தேவைப்பட்டது: 1956-ல் தென்னிந்தியப் பனியன் உற்பத்தியாளர்களின் சைமா, 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம். தங்களுக்குள் போட்டி போடுகிறவர்கள் கூடி நடத்தினாலும், சங்கம் என்ற முறையில் இவையும் இலாபத்தைப் பங்கு பிரிக்காத அமைப்புகளே.

பிறகு பிறந்தவற்றில் பல, தொழில் விட்டுச்சென்ற ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளப் பிறந்தவை. ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்தார்கள். அதில் சாயக்கழிவு வந்து தேங்கியது. திறந்துவிட்டாலும் கேடு, தேக்கி வைத்தாலும் கேடு. கீழ்ப் பகுதி விவசாயிகள் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் என்ற பெயரில் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. உச்ச நீதிமன்ற வழக்கின் பெயரைப் பாருங்கள்: ஒரு பக்கம் சாயப்பட்டறை உரிமையாளர்கள் சங்கம், மறுபக்கம் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம். இரண்டு சங்கங்கள் ஓர் ஆற்றுக்காக வழக்காடின. தீர்ப்புக்குப் பிறகும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி இறுதியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். ஊரே நின்றது. கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு இந்தத் தொழில் மாறியது அந்த அடிக்குப் பிறகுதான். பெரிய நிதியோ வெளிநாட்டுத் தொடர்போ பின்னால் வைத்து நடந்த காரியம் அல்ல அது. தண்ணீர் கெட்டுப்போன விவசாயிகள் போட்ட வழக்கு.

கம்பெனிகளில் குழந்தைகள் வேலை செய்த காலத்தில், 1993-ல், சேவ் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கியது. மூன்று வருட வேலை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்ற ‘சுமங்கலி’ ஏற்பாட்டில் நூற்பாலை விடுதிகளுக்குள் இருந்த பெண்களைப் பற்றி 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன. களத்தில் அந்தப் பெண்களைத் தேடிப் போனவை தமிழ்நாட்டு அமைப்புகள். 2015-ல் ‘வனத்துக்குள் திருப்பூர்’ மரம் நடத் தொடங்கியது.

இத்தனைக்கும் சட்டப்படி தேவைப்படுவது அதிகமில்லை. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு சங்கம் பிறந்துவிடும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளரிடம் பத்திரம். மத்தியப் புள்ளியியல் துறை நாடு முழுக்க எண்ணிப் பார்த்தபோது 2008 வரை பதிவானவை சுமார் 31.7 லட்சம். அதில் 1970 வரை பதிவானவை வெறும் 1.44 லட்சம், 1990-களில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல். நேரில் தேடிப் போனபோது கண்டுபிடிக்க முடிந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எண்ணிக்கையை வைத்து இந்தத் துறையை அளக்கவே முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எது யாருக்காகப் பிறந்தது, இன்னும் அவர்களுக்காக நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

வாழ்வதற்குப் போதுமான கூலி என்ற பேச்சு 1990-களில் ஐரோப்பாவிலிருந்து, துணி வாங்குகிறவர்களின் நடத்தை விதியாக இந்த ஊருக்குத் திரும்ப வந்தது. 1998-ல் லண்டனில் தொடங்கிய நெறிசார் வணிக முன்முயற்சி அதைத் தன் அடிப்படை விதிகளில் சேர்த்தது. பனியன் தொழிலாளரின் சம்பள ஒப்பந்தத்தை இன்றைக்கும் சில வருடங்களுக்கு ஒருமுறை உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசித்தான் போடுகின்றன. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பீஸ் ரேட்டு, பயணப்படி என்று இழுபறி பல சுற்று போகும். அந்த மேசையின் இரண்டு பக்கமும் இருப்பவை பதிவு பெற்ற, இலாபம் பிரிக்காத சங்கங்கள்தான்.