நாரத்தைத் தோலும் நடுவட்டத்துப் பட்டையும்

சென்ற கோடையில் நாங்கள் நால்வர் கங்கைகொண்ட சோழபுரம் சென்றிருந்தோம். திரும்பும் வழியில் அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூரில், நண்பர் ஒருவர் இல்லத்தில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. ஒரு காலத்தில் கடலடியாய் இருந்த நிலம் அது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலையும் சூழ்ந்த அவ்வூரில் கோடை வெயிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. பல்லாண்டுகள் வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பியவர் நண்பர். பொழுது சாய்ந்ததும் மாடியில் பனிக்கட்டி, ஜின் புட்டி, டானிக் நீர் ஆகியவற்றைப் பரப்பி வைத்தார். எலுமிச்சைக்கு மாற்றாகக் கொல்லையிலிருந்து ஒரு நாரத்தங்காய் வந்தது.

கோப்பையை நீட்டும்போதே கதையும் தொடங்கிற்று. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு மலேரியா வராதிருக்கக் கொயினா கொடுத்தார்களாம். அதன் கசப்பைத் தாங்க இயலாமல் அவர்கள் ஜின்னும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து குடித்தார்களாம். அவ்வாறு மருந்தாகப் பிறந்ததே ஜின்-டானிக்காம். அன்பர்கள் பலரும் இதைக் கேட்டிருக்கக்கூடும். எங்களுள் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் இதே கதையை ஒரு கட்டுரையில் ஐயமின்றி எழுதியும் இருக்கிறார்! ஆகவே, இக்கட்டுரையை அதற்கான திருத்தம் என்றும் கொள்ளலாம்.

ஜின்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜூனிப்பர் என்னும் புதரின் காய்களால் மணமூட்டப்பட்ட சாராயம் அது. ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கற்றுக்கொண்டது. 18-ஆம் நூற்றாண்டின் இலண்டன் ஏழைகளைச் சீரழித்தது. அடுத்த நூற்றாண்டில் கனவான்களின் மேசைக்கு ஏறிற்று. நம் கவனத்துக்குரியது கோப்பையின் மறுபாதியான டானிக்.

கொயினா கலந்த சோடாநீருக்கு முதன்முதலில் காப்புரிமை பெற்றவர் எராஸ்மஸ் பாண்ட். ஆண்டு 1858, இடம் இலண்டன், இந்தியா அன்று! ஏறத்தாழ 1870-இல் ஷ்வெப்ஸ் நிறுவனம் 'இந்திய' என்ற அடைமொழியோடு தன் கொயினா டானிக்கை விற்கத் தொடங்கியது. ஜின்னும் டானிக்கும் சேர்ந்து அச்சில் இடம்பெற்றதாக ஆய்வாளர்கள் இதுவரை கண்டுள்ள மிகப் பழைய குறிப்பு, 1868-இல் இந்தியாவிலிருந்து வெளிவந்த 'ஓரியண்டல் ஸ்போர்டிங் மேகசின்' என்னும் இதழில் உள்ளது. அது மருத்துவமனைக் குறிப்போ படைமுகாம் ஆணையோ அன்று. குதிரைப் பந்தயம் முடிந்து களைத்த கூட்டம் குரலெழுப்பிக் கேட்ட பானங்களுள் ஒன்றாகவே ஜின்-டானிக் அங்கே வருகிறது. வெயிலில் நின்றவர்கள் குளிர்ச்சியாக ஏதோ கேட்டார்கள், அவ்வளவே.

சிப்பாய்க்குக் கொயினா கொடுக்கப்பட்டது உண்மை. அதன் கசப்பைத் தணிக்க மதுவில் கலந்து கொடுத்ததும் உண்மை. ஆனால் சென்னை மாகாணப் படைக்குப் படியாக அளக்கப்பட்ட மது, பட்டைச்சாராயம், வங்காளத்தில் ரம். ஜின்னும் புட்டியில் அடைத்த டானிக்கும் காசு கொடுத்து வாங்கக்கூடியவர்களின் பொருள்கள்.

கணக்கும் இக்கதைக்கு உதவவில்லை. இன்று அமெரிக்க விதிகளின்படி ஒரு லிட்டர் டானிக்கில் அதிகபட்சம் 83 மில்லிகிராம் கொயினாவே இருக்கலாம். மலேரியா கண்ட ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கிராமுக்கும் மேல் தேவை. அதை டானிக்கால் ஈடுகட்ட வேண்டுமாயின் ஒரே நாளில் 18 லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும்! அக்காலத்து டானிக்கில் கொயினா இதைவிட மிகுதியாக இருந்திருக்கலாம். எனினும் அது மருந்தளவை எட்டியது என்று சொல்வது கடினம்.

அப்படியாயின், உண்மையான மருந்து எங்கே இருந்தது? அதைத் தேடினால் நாம் நீலகிரிக்கு ஏற வேண்டும்.

சிங்கோனா தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைகளின் மரம். அதன் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தவர்கள் பெல்லெத்தியே, காவந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலர், ஆண்டு 1820. பட்டைக்காகத் தென்னமெரிக்க நாடுகளின் கையை எதிர்பார்த்து நிற்க விரும்பாத ஆங்கில அரசு, 1859-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரைச் செடிகளும் விதைகளும் கொணர அனுப்பியது. அவர் நேரில் திரட்டிய செடிகள் நெடும்பயணத்தில் பிழைக்கவில்லை. அவர் ஏற்பாட்டில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸும் தோட்டக்காரர் ராபர்ட் கிராஸும் ஈக்வடாரில் சேகரித்த சிவப்புப் பட்டை இனமே 1861-இல் உதகமண்டலத்தில் வேர்கொண்டது. அதை வளர்த்தெடுத்தவர், உதகை அரசுத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரகாம் மெக்ஐவர். மரத்தை வெட்டாமல் பட்டையை நீள வாராக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் பொதிந்து வைத்தால் புதுப்பட்டை வளரும், அதில் மருந்துச்சத்தும் கூடும் என்று அவர் கண்டறிந்தார். அந்தப் பாசிப்பொதிவு முறை தோட்ட உலகில் பெரும் பேச்சாயிற்று.

தொட்டபெட்டாவிலும், கூடலூர்ச் சாலையில் உள்ள நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. காட்டை அழித்துச் சரிவுகளில் குழி வெட்ட ஆள் வேண்டுமே? மலாய் நாட்டு ஆங்கிலக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு நாடு கடத்தப்பட்ட சீனக் கைதிகள் நடுவட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்காக அங்கேயே சிறை அமைந்தது. தண்டனைக் காலம் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பாமல் அம்மலைச் சரிவிலேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து காய்கறி பயிரிட்டு வாழ்ந்தனர். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இக்குடும்பங்களைக் குறித்திருக்கிறார். தம் வழக்கப்படி மூக்கையும் தலையையும் அளந்தும் வைத்திருக்கிறார்! சீனத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் நீலகிரியில் பிறந்த அந்தப் பிள்ளைகளின் வரலாற்றை அளவுகோல் இன்றி எழுதுவார் யாரேனும் வேண்டும்.

இத்தனை உழைப்பும் யாருக்காக? ஏழைகளுக்கும் எட்டும் விலையில் மருந்து என்பது திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கங்களுள் ஒன்று. அது வெறும் பேச்சில்லை என்பதற்கு ஒரு சான்று சென்னையிலேயே இருக்கிறது. நீலகிரியின் சிவப்புப் பட்டையில் கொயினா குறைவு. அதன் உறவான சிங்கோனின், சிங்கோனிடின் போன்ற பிற சத்துகளே மிகுதி. அவையும் காய்ச்சலைத் தணிக்குமா என்பதை அறிய 1866-இல் சென்னை அரசு ஓர் ஆய்வுக்குழு அமைத்தது. 1868 வரை நடந்த சோதனையில், முறைக்காய்ச்சல் கண்ட 2,472 பேருக்கு நால்வகைச் சத்துகளும் தனித்தனியே கொடுத்துப் பார்க்கப்பட்டன. குணமாகாதவர் 27 பேர் மட்டுமே! கொயினாவுக்கு நிகராக மற்ற மூன்றும் வேலை செய்தன. மலிவான பட்டை, மலிவான மருந்து, கண்ணெதிரே சான்று. இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் நடந்தது வேறு. நீலகிரிப் பட்டையில் பெரும்பகுதி இலண்டன் ஏலத்துக்குக் கப்பலேறிற்று. நடுவட்டத்தில் கொயினா ஆலை எழ 1880-களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வங்காளத்தில் காலணாப் பொட்டலமாக அஞ்சல் நிலையங்களில் கொயினா விற்கத் தொடங்கியது 1892-இல்தான். அம்முயற்சியை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. தேவையின் முன்னே அது கடலில் கரைத்த பெருங்காயம். விடுதலை பெற்ற 1947-இல்கூட ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடி இந்தியர் மலேரியாவால் நோயுற்றனர், 8 லட்சம் பேர் மாண்டனர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. அந்தக் கசப்பின் ஒரு துளி பந்தயத் திடலின் கோப்பைக்கு எளிதாகச் சென்றது. பந்தயக் குதிரைக்குப் புல் அறுத்தவனின் குடிசைக்கு அது செல்லவில்லை. சிப்பாயின் நலனுக்காகப் பிறந்த பானம் என்னும் கதை இனிப்பதன் காரணம், இந்த இரண்டாம் பாதியை அது சொல்லாமல் விடுவதே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

சந்தையையும் பின்னர் சாவா பறித்துக்கொண்டது. பொலிவியப் பழங்குடியினரான மானுவேல் இங்க்ரா மாமானி தேடித் திரட்டிய உயர்ந்த இன விதைகளை, சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகர் 1865-இல் ஆங்கில அரசுக்கு விற்க முயன்றார். அவர்கள் கைவிரிக்க, டச்சுக்காரர் வாங்கிச் சாவாவில் நட்டனர். அந்த மரத்தின் கொயினா வளத்துக்கு முன் நீலகிரியின் சிவப்புப் பட்டை நிற்கவில்லை. விதை தந்த மாமானியோ, அந்தக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டு, அடிபட்டு, 1871-இல் இறந்தார். இரண்டாம் உலகப்போரில் சாவா சப்பானியர் வசமானதும் உலகமே கொயினாவுக்குத் தவித்தது. அத்தவிப்பில் செயற்கை மருந்துகள் முன்னே வந்தன. சிங்கோனா நின்ற சரிவுகள் பலவற்றில் இன்று தேயிலை. வால்பாறைக்கு அருகே சிங்கோனா என்ற ஊர்ப்பெயர் மட்டும் மரத்தை நினைவில் வைத்திருக்கிறது.

கோப்பையில் எஞ்சியிருப்பது பழம். இது நம் வீட்டுப் பொருள். ஆங்கிலத்தின் 'ஆரஞ்சு' என்ற சொல்லைப் பின்தொடர்ந்து சென்றால் இசுபானியத்தின் நரஞ்ச, அரபியின் நாரஞ்ச், பாரசீகத்தின் நாரங்க், வடமொழியின் நாரங்க என்று படிப்படியாக இறங்கி, திராவிட மொழிகளின் நாரத்தை, நாரங்காய் என்ற வாயிலில் வந்து நிற்கிறோம். வடமொழிச் சொல் திராவிடத்திலிருந்து பெற்றது என்பதே அறிஞர் பலரின் கருத்து. நாரத்தையின் புகழைச் சமையலறையும் பாடும். நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும் இடித்துச் செய்யும் துவையற்பொடிக்கு வேப்பிலைக்கட்டி என்று பெயர். அதில் வேப்பிலை மருந்துக்கும் கிடையாது!

இனி, ஆலத்தியூர் மாடியில் நிகழ்ந்த கலவைக்கு வருவோம். இத்தகைய பானங்களில் பழத்தோலை மெல்லிய சுருளாகச் சீவிக் கோப்பையின் மேல் முறுக்கிப் பிழிவது வழக்கம். சாறு நாவுக்குப் புளிப்பைத் தரும். மணமோ தோலின் நுண்பைகளில் அடைபட்ட எண்ணெயில் இருக்கிறது. முறுக்கும்போது அது பனிபோலத் தெறித்து நுரையின் மேல் படியும். நண்பர் கத்தியோடு போராடித் தோலைத் துண்டு துண்டாக்கிக்கொண்டிருந்தார். மாடிக்கு வந்த அவர் தாயார், எண்பதைக் கடந்தவர், ஒன்றும் பேசாமல் காயை வாங்கினார். உப்பு நாரத்தங்காய்க்கு அரிகிற கை அல்லவா? காம்பில் தொடங்கிய சுருள் அடிவரை அறாமல் இறங்கிற்று. உள்வெள்ளைத் தோல் ஒட்டாதபடி மெல்லியதாகவும் இருந்தது. அது ஒட்டினால் கொயினாவின் கசப்போடு வேறொரு கசப்பும் சேர்ந்து பானம் கெடும்.

அளவு சொல்வதாயின்: உயரமான கோப்பை நிறையப் பனிக்கட்டி, 45 மில்லிலிட்டர் ஜின், அதன் மூன்று மடங்கு நன்கு குளிர்ந்த டானிக். டானிக்கைக் கோப்பையின் ஓரமாகச் சரித்து ஊற்றி, கரண்டியால் ஒரே முறை கிளறினால் போதும். மிகையாகக் கிளறினால் நுரைவளி பறந்துவிடும். நாரத்தைச் சுருளை முறுக்கிப் பிழிந்து, கோப்பை விளிம்பில் தேய்த்து உள்ளே இடவேண்டும். கசக்கிய நாரத்தை இலை ஒன்றும் அன்று சேர்ந்தது. அது இன்னும் நன்று. மது வேண்டாதார் ஜின்னை விட்டுவிடலாம், பானம் குறைபடாது. ஓர் எச்சரிக்கை: சிங்கோனாப் பட்டையை வாங்கி வீட்டிலேயே டானிக் காய்ச்சும் ஆசை சிலருக்கு உண்டு. பட்டையில் எவ்வளவு சத்து இறங்கியது என்பதை அடுக்களையில் அளக்க முடியாது. அளவு மீறினால் காதிரைச்சல், தலைவலி, பார்வை மங்கல் என்று தொல்லைகள் வரிசையாக வரும். புட்டியில் வருவதே போதும்.

கதையின் மறுபக்கத்தை நண்பருக்கு நாங்கள் விளக்கிக்கொண்டிருந்தபோது, சிறு வயதில் தமக்கு வந்த குளிர்காய்ச்சலைத் தாயார் நினைவுகூர்ந்தார். மூன்று போர்வைக்கும் அடங்காத நடுக்கமாம். மூக்கைப் பிடித்துக் கொயினா ஊற்றினார்களாம். ஜின் சேராத டானிக்கை ஒரு சிறு தம்ளரில் ஊற்றித் தந்தோம். ஒரு வாய் பருகிச் சற்று நேரம் யோசித்தார்.

"அதேதான் தம்பி. ஆனா சக்கரையப் போட்டுக் கெடுத்துட்டாங்க."

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தோல் போன நாரத்தங்காயை வீணாக்கக்கூடாதென்று உப்பில் போட எடுத்துச் சென்றார்.