1954இல் நாம் சீட்டோவில் சேர்ந்திருந்தால்?

கொத்தலாவல என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு நினைவு வருவது இரத்மலானையிலுள்ள பாதுகாப்புப் பல்கலைக்கழகம்தான். சேர் ஜோன் பிரதமராக இருந்தபோது இந்த நாடு ஒரு இராணுவக் கூட்டணியின் வாசல்வரை போனதைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

1954 ஏப்ரலில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியப் பிரதமர்கள் கொழும்புக்கு வந்து நம் பிரதமருடன் மாநாடு கூடினார்கள். செப்டெம்பர் 8இல் மணிலாவில் அமெரிக்கா முன்னின்று சீட்டோவை உருவாக்கியது. இந்த ஐந்து நாடுகளுக்கும் அழைப்பு இருந்தது. கையெழுத்திட்டது பாகிஸ்தான் மட்டும்தான்.

சேர் ஜோனுக்குக் கம்யூனிசம் என்றாலே ஆகாது. 1947 ஒப்பந்தப்படி திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் பிரித்தானியப் படை ஏற்கெனவே இருந்தது. அப்படியானால் ஏன் சேரவில்லை? நேருவின் செல்வாக்கு என்பார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் அரிசியை மறந்துவிடுகிறோம்.

1952இல் சீனாவுடன் செய்த ஒப்பந்தப்படி நாம் வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுக்க, 270,000 தொன் அரிசி வந்தது. அதற்காக அமெரிக்கா நமக்கு உதவியை மறுத்தது. 1953இல் கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது ஹர்த்தால் வெடித்தது, டட்லி பதவி விலகினார். சேர் ஜோன் அந்தக் கதிரையில்தான் வந்து உட்கார்ந்தார். அரிசி விளையாட்டல்ல என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சேர்ந்திருந்தாலும் சீனாவுடன் வியாபாரம் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். அன்று பிரித்தானியரின் கையிலிருந்த மலாயாவின் இறப்பரே சீனாவுக்குப் போகத் தடை இருந்தது. நமக்கு மட்டும் விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை.

ஐ.நா. கதையும் உண்டு. அந்நியத் தளம் உள்ள நாடு முழுச் சுதந்திர நாடல்ல என்று சொல்லி சோவியத் யூனியன் நம்மை 1955 டிசம்பர் வரை வெளியே நிறுத்தியது. சீட்டோவிலும் இருந்திருந்தால் அந்த வாதம் இன்னும் பலத்திருக்கும். 1957இல் பண்டாரநாயக்க தளங்களைத் திரும்பப் பெற லண்டனுடன் பேசியதே போதுமாக இருந்தது. இல்லாவிட்டால் வாஷிங்டனையும் சமாளித்திருக்க வேண்டும்.

“பாகிஸ்தான் சேர்ந்ததே” என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. சேர்ந்தது உண்மை. 1965 போரிலும் 1971 போரிலும் சீட்டோ அதற்காகப் படை அனுப்பவில்லை. நாடு இரண்டானபின் பாகிஸ்தானே அதைவிட்டு விலகியது. 1977இல் சீட்டோவும் கலைந்தது. நம் இறப்பர்–அரிசி ஒப்பந்தமோ பலமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை ஓடியது.

பழைய அரிசிக் கூப்பன் புத்தகம் யார் வீட்டிலாவது இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.