குமரைக் கரைசேர்ப்பது: நம்மூர்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சென்ற தவணையில் தரம் பத்து வகுப்பில் ஒரு கதிரை காலியாகக் கிடந்தது. முதல் கிழமை காய்ச்சல் என்றார்கள். இரண்டாம் கிழமை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் கிழமை நாங்கள் இரண்டு ஆசிரியைகள் பின்னேரம் அந்த வீட்டுக்குப் போனோம். பிள்ளையின் உம்மா வெளிநாட்டில். வாப்பா வேலைக்குப் போயிருந்தார். உம்மம்மாதான் பிளேன்டீ ஊற்றித் தந்து கதைத்தா.

"டீச்சர், பிள்ளை வாசிக்கும், எழுதும். அது போதும். குமரை எவ்வளவு நாளைக்கு ரோட்டில அனுப்புற? ஒரு கரை சேர்த்துட்டா எங்களுக்கு நிம்மதி. நாங்க எல்லாம் என்ன படிச்சம்?"

யார் வீடு என்று தேட வேண்டாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் குறிஞ்சாக்கேணியிலும் இது பல வீட்டுக் கதை. அந்த உம்மம்மாவில் கோபிக்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை. அவ பிள்ளையின் நன்மையைத்தான் நினைக்கிறா. ஆனால் "நாங்க என்ன படிச்சம்?" என்ற கேள்வி எங்களை விடவில்லை. அதற்கான பதில்தான் இந்தப் பதிவு.

நம் மூத்தம்மாக்கள் ஒன்றும் படிக்காதவர்கள் என்று சொல்வது சரியில்லை. ஓதப்பள்ளிக்குப் போனார்கள். குர்ஆன் ஓதினார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் பலருக்குத் தெரிந்திருந்தது. மார்க்கச் சட்டமும் மாலைகளும் அந்த எழுத்தில்தான் வீட்டுக்குள் வந்தன. ஆனால் பெரிய பிள்ளையானதும் ஓதப்பள்ளியும் நின்றுவிடும். பதினொன்று, பன்னிரண்டு வயதோடு வாசல் மூடிவிடும். அன்று பிள்ளை நின்ற வயதும் இன்று பிள்ளை நிற்கிற வயதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

இதை முதலில் உரத்துச் சொன்னவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி அறிஞர் சித்திலெவ்வை. 1838 இல் பிறந்தவர். 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, ஆங்கிலமும் நவீன கல்வியும் நமக்கு வேண்டும் என்று எழுதினார். ஊர் அவரைச் சும்மா விடவில்லை. ஏச்சும் எதிர்ப்பும் வாங்கினார். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1891 இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை தொடங்கினார். அதை நடத்தும் பொறுப்பைத் தன் சகோதரி முத்து நாச்சியாவிடம் கொடுத்தார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பெண்பிள்ளையை அனுப்புங்கள் என்று சொன்னவர், பெண் ஆசிரியை எங்கே என்ற கேள்வி வருமென்று அறிந்திருந்தார். அதற்கான பதிலைத் தன் வீட்டிலிருந்தே கொடுத்தார்.

இருபது வருடம் கழித்து, 1911 இல், கல்கத்தாவில் ரொக்கேயா சகாவத் ஹொசைன் என்ற விதவைப் பெண் எட்டுப் பிள்ளைகளோடு ஒரு பாடசாலை தொடங்கினார். அவருக்கு வந்த பெரிய பிரச்சினை பாடத்திட்டம் அல்ல, பள்ளிக்கூட வண்டி. பர்தாவுக்காக வண்டியை முழுக்க மூடினார்கள். உள்ளே இருட்டும் புழுக்கமும் தாங்காமல் பிள்ளைகள் மயங்கினார்கள். சரியென்று ஜன்னலைத் திறந்து துணி கட்டினால், துணி காற்றில் பறக்கிறது, பர்தா போகிறது என்று கடிதங்கள் வந்தன. அவர் பாடசாலையை மூடவில்லை. 1932 இல் மௌத்தாகும் வரை நடத்தினார். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டு வாங்கினார்.

நம் நாட்டில் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் பெயரை நாம் எல்லோரும் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறோம். 1946 இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கியது. அதன் முதல் அதிபர் கேரளத்தின் தலச்சேரியில் பிறந்த ஆயிஷா ரஊஃப். பின்னர் கொழும்பு மாநகரத் துணை மேயராகவும் ஆனார். கொழும்பிலும் கண்டியிலும் கதவு திறந்தது. ஆனால் கல்வி இலவசமானதால் கொட்டியாரக் குடாவின் இந்தப் பக்கத்துக்குப் பாடசாலை பக்கத்தில் வந்துவிடவில்லை. கட்டணம் நின்றது, தூரம் நிற்கவில்லை.

பெண் ஆசிரியைகள் இல்லாதது அடுத்த தடை. அளுத்கமவில் முஸ்லிம் பெண்களுக்கென்று இயங்கிய ஆசிரியர் கலாசாலையும், அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையும் அந்தத் தடையை மெல்ல மெல்ல உடைத்தன. திருகோணமலைப் பிள்ளை அளுத்கமவுக்குப் போவதென்றால் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு. ஒரு குமருப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிய வாப்பாமாரை ஊர் என்னென்ன சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்படிப் போய்ப் படித்து வந்தவர்கள் வகுப்பில் நின்றதைப் பார்த்துத்தான் அடுத்த உம்மாமார் தங்கள் பிள்ளைகளை ஏழாம், எட்டாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். நாங்கள் இன்று சோக்கட்டி பிடித்து நிற்பது அவர்கள் போட்ட பாதையில்தான்.

பாதை என்றதும் கிண்ணியாவில் மூத்தவர்களுக்கு வேறொரு பொருளும் ஞாபகம் வரும். துறையில் ஓடிய பாதை. திருகோணமலை நகரத்துக்குப் போவதென்றால் அதற்குக் காத்திருக்க வேண்டும். யுத்த காலத்தில் அதோடு சோதனைச் சாவடியும் ஊரடங்கும் சேர்ந்தன. இருட்டுவதற்குள் திரும்பி வர முடியுமா என்று தெரியாத இடத்துக்கு எந்த உம்மா மகளை உயர்தர வகுப்புக்கு அனுப்புவா? மகன் போனான், மகள் நின்றாள். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தபோது வாகனங்கள் மட்டும் அக்கரை போகவில்லை. நகரத்து வகுப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய்வர நம் பிள்ளைகளுக்கும் வழி வந்தது.

ஆனால் குறிஞ்சாக்கேணிக்கு அந்த நிம்மதி நிலைக்கவில்லை. 2021 நவம்பர் 23 காலை. புதுப் பாலம் கட்டுவதற்காகப் பழைய பாலம் இல்லாமல் போன நேரம். இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றைக்கே போய்விட்டார்கள். பிறகும் எண்ணிக்கை கூடியது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்த நாளைப் பற்றி இங்கே கூடுதலாக எழுத எங்களுக்குக் கை வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளைகளை அனுப்பிய உம்மாமார் கல்வியின் அருமை தெரிந்தவர்கள். அவர்களிடம் போய் விழிப்புணர்வு பேச எதுவும் இல்லை. அவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். கரையைக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை.

வழியைச் சரிசெய்தால் பிள்ளை வருவாள் என்பதற்கு வெளியிலும் சாட்சி உண்டு. 2006 இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பின்னர் செய்த ஆய்வில், அந்த வகுப்பில் சேர்ந்த பெண்பிள்ளைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தார்கள். பாடசாலை தூரமாக இருந்த ஊர்களில்தான் கூடுதல் மாற்றம். பங்களாதேஷ் 1994 இல் நாடு முழுக்க இடைநிலைப் பெண்பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனைகள் மூன்று: 75 வீத வரவு, குறித்த புள்ளி, அந்தக் காலத்தில் கலியாணம் செய்யாமல் இருத்தல். முஸ்லிம்கள் பெரும்பான்மையான அந்த நாட்டில் சில வருடங்களிலேயே இடைநிலை வகுப்புகளில் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளுக்குச் சமமாக வந்தார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் மெல்ல நகர்ந்திருக்கிறது. 1998 முதல் 14 வயது வரை பாடசாலை கட்டாயம். 2016 இல் அதை 16 வயதாக உயர்த்தினார்கள். 2017 இல் 13 வருட உத்தரவாதக் கல்வி தொடங்கியது. சாதாரண தரம் சித்தியடையாத பிள்ளைக்கும் தொழில்சார் பாடங்களில் தொடர இடம் உண்டு. அதே வருடம் தரம் ஆறு மாணவிகளுக்கு கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியும் வந்தது. 2024 இல் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளின் மாணவிகளுக்குச் சுகாதாரத் துவாய் வாங்க 1,200 ரூபா வவுச்சர் கொடுத்தார்கள். இவற்றில் எத்தனை நம் வீடுகளுக்குத் தெரியும்?

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். 1995 இல் நாட்டின் பொதுவான திருமணச் சட்டம் வயதை 18 ஆக்கியது. நமக்கு வேறு சட்டம். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தை எழுதியபோது குறைந்தபட்ச வயது வைக்கவில்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் காதியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். மணமகளின் கையெழுத்தையும் அது கேட்கவில்லை. அந்தக் காலத்தில் பெயரெழுதத் தெரியாதவர்கள் பலர் இருந்தார்கள் என்று சொல்லலாம். பதினொரு வருடம் நாங்கள் எழுதப் பழக்கிய பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? கன்னிப் பெண்ணிடமும் சம்மதம் கேட்க வேண்டும் என்பது நம் மார்க்கம் சொல்வதுதானே. இதில் ஆலிம்களும் சட்டத்தரணிகளும் பல வருடமாகப் பேசுகிறார்கள். அவர்கள் பேசட்டும். நம் வீட்டில் 18 வரை பொறுத்திருக்க எந்தச் சட்டமும் நம்மைத் தடுக்கவில்லை.

காசும் ஒரு காரணம். நம் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழமை. பிள்ளைக்குப் பத்து வயதாகும்போதே வாப்பாவுக்குக் கல்லும் சீமெந்தும்தான் கனவு. அந்த வீட்டுக்காகவே உம்மா கடல் தாண்டிப் போகிறா. உம்மா போனதும் மூத்த மகள் அடுப்படிக்கு வருகிறாள், தம்பி தங்கையைப் பார்க்கிறாள், வகுப்பில் கதிரை காலியாகிறது. மகளுக்காகக் கட்டும் வீடே மகளின் படிப்பை நிறுத்துகிறது. இதை அந்த உம்மாவிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஊராகச் சேர்ந்துதான் பேச வேண்டும்.

திட்டங்கள் வராமல் இல்லை. சுனாமிக்குப் பிறகும் யுத்தம் முடிந்த பிறகும் எத்தனையோ வந்தன. சிறுவர் கழகம், தலைமைத்துவப் பயிற்சி, தையல் வகுப்பு. நல்ல மனிதர்கள் வந்தார்கள். பிள்ளைகள் மேடையில் பேசப் பழகினார்கள், அது வீண் போகவில்லை. ஆனால் பல திட்டங்கள் காசு முடிந்த மாதத்தோடு நின்றன. பதாகை கழன்றது, ரீசேட் பழசானது. ஊர் கையில் எடுத்தவைதான் நின்றன: பள்ளிவாசல் தலையிட்டு நடத்திய பின்னேர வகுப்பு, பழைய மாணவிகள் சேர்ந்து கட்டிய மலசலகூடம், பக்கத்து வீட்டு ராத்தா கூட்டிப் போன பிள்ளைகள்.

பெண்கள் ரஸூலுல்லாஹ்விடம் வந்து, ஆண்களே உங்களைச் சூழ்ந்திருக்கிறார்கள், எங்களுக்கென ஒரு நாள் தாருங்கள் என்று கேட்டதும், அவர்கள் ஒரு நாளை ஒதுக்கிக் கற்பித்ததும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. பெண்களுக்குத் தனி வகுப்பு வைப்பது வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

எங்கள் வேண்டுகோள் நான்கு.

1. தரம் எட்டு முதல் பதினொன்று வரை மாணவிகள் கூட்டமாகப் போய்வர ஒவ்வொரு மஹல்லாவிலும் ஏற்பாடு. பஸ் இல்லாத இடத்தில் ஊரே ஒரு வாகனத்துக்குக் காசு சேர்ப்போம்.

2. மாதம் ஒரு நாள் பின்னேரம், குமருப் பிள்ளைகளுக்கும் உம்மாமாருக்கும் ஒரு சந்திப்பு. குடும்பநல உத்தியோகத்தர் உடம்பைப் பற்றிப் பேசட்டும். பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் உரிமைகளைப் பற்றிப் பேசட்டும். பிள்ளைக்குத் தொல்லை என்றால் 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.

3. கதிரை காலியானால் முதல் கிழமையிலேயே எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் மூன்றாம் கிழமை போனது எங்கள் தவறு.

4. நிக்காஹ் பேச வரும்போது பள்ளி நிர்வாகிகள் இரண்டு கேள்வி கேளுங்கள்: பிள்ளைக்கு என்ன வயது? பிள்ளை என்ன சொன்னது?

அந்த உம்மம்மாவிடம் கடைசியில் நாங்கள் ஒன்று கேட்டோம். "உங்கட உம்மா உங்கள எந்த வயசில கரைசேர்த்தாங்க?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "பதினாலு" என்றா. பிறகு, "அக்கரையில என்ன இருந்திச்சு எண்டு எனக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்ப் பேத்தியின் புத்தகப் பையை எடுத்து வந்து வெளியே வைத்தா.

பிள்ளை இப்போது வருகிறாள். கிழமையில் மூன்று நாள்தான். மற்ற இரண்டு நாளும் வீட்டில் தம்பியைப் பார்க்க ஆளில்லை. அந்த இரண்டு நாளை எப்படி மீட்பது என்றுதான் நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

2021 இல் நம்மை விட்டுப் பிரிந்த பிள்ளைகளுக்கு அல்லாஹ் சுவனத்தை நஸீபாக்குவானாக. இருக்கிற பிள்ளைகளைப் பத்திரமாகக் கரைசேர்க்க நமக்குத் தௌபீக் செய்வானாக. ஆமீன்.