சிறு மைதானங்களின் புனரமைப்பும் பொதுமக்கள் பாத்தியதையும்

இங்கிலாந்துக் கால்பந்தாட்டத்தைப் பற்றி நம்மவர் பேசும்போது, முதற்படியில் நிற்கும் 20 கழகங்களையும் அவற்றின் பிரம்மாண்டமான அரங்கங்களையுமே கருத்திற்கொண்டு பேசுகின்றனர். ஆனால் மேல்நிலையிலுள்ள நான்கு படிகளைச் சேர்ந்த 92 கழகங்களுக்கும் கீழே, நகரந்தோறும் பேட்டைதோறும் சிறு கழகங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன என்பதும், அவற்றுள் பல, சுற்றுச்சுவர் எழுப்பிய ஒரு மைதானத்தையும், ஒருபுறம் கூரை வேய்ந்த பார்வையாளர் மேடையையும், ஆட்டம் முடிந்தபின் அமர்ந்து பேச ஒரு மன்றக் கட்டிடத்தையும் வைத்துக்கொண்டு மூன்று நான்கு தலைமுறைகளாக நடந்துவருகின்றன என்பதும் அந்நாட்டுச் சமூக வாழ்வை ஆராய்பவர் புறக்கணிக்கக்கூடாத விஷயங்கள். இத்தகைய மைதானம் பழைய வழக்கத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, சனிக்கிழமை பிற்பகலில், இரண்டு மணி நேரமே பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். மற்ற நாட்களில் கதவு பூட்டிக் கிடக்கும். இதற்குக் கழகத்தாரின் சுயநலம் காரணமன்று. குளிர்கால மழையில் ஊறிய களிமண் நிலத்தின் புல், வாரத்திற்கு ஐந்தாறு மணி நேரத்திற்குமேல் மிதிபட்டால் சேறாகிவிடும் என்பதே காரணம். ஆகவே நகரத்தின் மத்தியில், கிரயம் மிகுந்த இடத்தில், பெரும்பொழுது யாருக்கும் உபயோகமின்றிக் கிடக்கும் நிலமாக அது பிறர் கண்ணுக்குத் தோன்றுகிறது. அந்தக் கண் நகராட்சியின் கண்ணாகவும் இருக்கலாம், வீடு கட்டி விற்போரின் கண்ணாகவும் இருக்கலாம்.

இந்நிலையை மாற்றி, மைதானத்தைப் புதுக்கி, பள்ளிச் சிறுவர், பெண்கள், முதியோர் ஆகிய பலருக்கும் அது பயன்படும்படி செய்யவேண்டும் என்ற எண்ணம் கடந்த முப்பதாண்டுகளில் அங்கே வலுப்பெற்றுள்ளது. அரசாங்கமும் கால்பந்துச் சங்கமும் பிரிமியர் லீக்கும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் நிறுவிய கால்பந்து அறநிதி இதற்கெனவே பணம் வழங்கிவருகிறது. ஆனால் புனரமைப்பைப் பற்றிய விவாதங்களில் கட்டிடத்தின் அளவும் இருக்கைகளின் தொகையும் செலவுக் கணக்குமே முன்னிடம் பெறுகின்றன. நிலம் யார் பாத்தியதையில் இருக்கிறது, வாரத்தின் நேரங்கள் யார் பாத்தியதையில் இருக்கின்றன என்ற இரு வினாக்களுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே புனரமைப்பின் பயன் நிற்கிறது என்பதும், இவ்விரண்டும் உறுதியாகாத இடத்தில் எவ்வளவு அழகிய மேடை எழுப்பினும் அது பிறர் நிலத்தில் எழுப்பிய மேடையே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

கென்ட் மாவட்டத்து மெய்ட்ஸ்டோன், டார்ட்ஃபோர்டு என்னும் இரு நகரங்களின் சரித்திரம் இவ்விஷயத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மெய்ட்ஸ்டோன் யுனைடெட் கழகம், லண்டன் சாலையிலிருந்த தன் பழைய மைதானத்தை 1988இல் அறைகலன் வணிக நிறுவனமொன்றுக்கு விற்றது. மேற்படிக்கு உயரும் ஆசையும் கைப்பணத்தின் தேவையும் அந்த விற்பனைக்குத் தூண்டுகோலாயின. புது மைதானம் ஒன்றைப் பின்னர் அமைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில், சொந்த நகரத்தை விட்டுப் பல மைல் தொலைவிலுள்ள டார்ட்ஃபோர்டின் வாட்லிங் தெரு மைதானத்திற்குக் கழகம் குடிபெயர்ந்தது. மறு ஆண்டே வெற்றி வாகை சூடி நான்காம் படியிலும் இடம்பெற்றது. ஆனால் நகரின் கிழக்கே வாங்கிய நிலத்தில் மைதானம் அமைக்க உள்ளூர் மன்றம் அனுமதி மறுத்தது; கடன் பெருகிற்று; 1992ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தைக்கூட ஆட இயலாமல் கழகம் லீக்கை விட்டு விலகியது. அதன் வீழ்ச்சி, இடங்கொடுத்த டார்ட்ஃபோர்டையும் உடன் இழுத்துச் சென்றது. வாட்லிங் தெரு மைதானம் விலைபோயிற்று. இன்று அங்கே வீடுகள் நிற்கின்றன. ஒரு கிரய சாசனத்தின் விளைவாக இரு நகரங்கள் தம் ஆட்டத்தலங்களை இழந்தன என்றால் அது மிகையன்று.

இவ்விரு நகரங்களும் மீண்ட விதம் வேறுவேறு. டார்ட்ஃபோர்டு கழகம் பதினான்கு ஆண்டுகள் பிற கழகங்களின் மைதானங்களில் ஒண்டுக்குடித்தனம் நடத்திய பிறகு, அந்நகரத்து மன்றமே முன்வந்து பொதுப்பணத்தில் பிரின்சஸ் பார்க் என்னும் மைதானத்தை அமைத்து 2006ஆம் ஆண்டு நவம்பரில் திறந்தது. நாலாயிரம் பேருக்குச் சற்று மேல் கொள்ளும் இந்த மைதானத்தின் ஆடுகளம் சுற்றுத்தரையைவிட ஏறத்தாழ இரண்டு மீட்டர் தாழ்வாக அமைந்திருப்பதால், ஆட்டத்தின் ஆரவாரமும் விளக்குகளின் வெளிச்சமும் அண்டை வீடுகளைப் பெரிதும் தொல்லைப்படுத்துவதில்லை. மேடையின் கூரையைத் தாங்குவது எஃகு அன்று, பலகைகளை ஒட்டிச் சேர்த்த மர உத்தரங்கள். கூரையின்மேல் படர்ந்திருப்பது உயிருள்ள பசுந்தாவரம். மழைநீர் குளத்தில் சேர்ந்து மறுபடி உபயோகமாகிறது. இவற்றைச் சிறப்பு அலங்காரங்கள் என்று எண்ணுவது தவறு. அண்டை வீட்டார் சகித்துக்கொள்ளக்கூடிய மைதானமே மாலை நேரங்களிலும் திறந்திருக்க முடியும் என்பதால், தாழ்ந்த ஆடுகளம் என்பது நேரத்தைச் சம்பாதிக்கும் உபாயமுமாகும். நிலம் மன்றத்தின் சொத்து. கழகம் அதில் குடியிருப்போன். ஆகவே கழகம் நொடித்தாலும் மைதானம் நகரத்தாரிடமே நிற்கும்.

மெய்ட்ஸ்டோன் இன்னும் நீண்டகாலம் காத்திருந்தது. கென்ட் மாவட்ட லீக்கின் அடிப்படியில் இளைஞர் குழுவொன்றாகத் தொடங்கி, பிற நகரங்களின் மைதானங்களில் ஆடிவந்த அக்கழகம், பழைய மைதானத்தை விற்று 24 ஆண்டுகள் கழிந்தபின், 2012இல் மெட்வே நதிக்கரையில், நகர மையத்திற்கு அருகே தன் புதிய மைதானத்தைத் திறந்தது. புல்லுக்குப் பதிலாகச் செயற்கைத் தரை விரித்ததே அங்கு நிகழ்ந்த புதுமை. மூன்றாம் தலைமுறைத் தரை என்று வழங்கும் இதன் அமைப்பு எளிது: அடியில் நீர் வடியும் கற்சல்லிப் படுகை, அதன்மேல் தேவைக்கேற்ப அதிர்ச்சி தாங்கும் மெத்தை, அதன்மேல் நெகிழியிழைகள் நிமிர்ந்து நிற்கும் கம்பளம், இழைகளுக்கிடையே மணலும் ரப்பர்த் துகளும். மழை பெய்தால் நீர் தேங்காமல் வடிகிறது. மிதிப்பதால் சேறு உண்டாவதில்லை. எனவே வாரத்திற்கு ஐந்தாறு மணி நேரம் பயன்பட்ட நிலம் நாள் முழுவதும் பயன்படும் நிலமாகிறது: பகலில் பள்ளிப் பிள்ளைகள், மாலையில் இளையோர் குழுக்கள், இரவு விளக்கொளியில் பெரியோர், இடையே முதியோரின் நடைக் கால்பந்து. ஓடுவதற்குத் தடையும் நடப்பதற்கு மட்டும் அனுமதியும் உள்ள இந்த ஆட்டம் 2011இல் செஸ்டர்ஃபீல்டு நகரத்தில் ஒரு கழகத்தின் சமூக அறக்கட்டளையால் தொடங்கப்பெற்று நாடெங்கும் பரவியது. ஐம்பது வயதுக்குமேல் மைதானத்தைவிட்டு விலகிய பலரை அது மறுபடி மைதானத்திற்கு அழைத்து வந்திருக்கிறது. சனிக்கிழமை நுழைவுக் கட்டணத்தை மட்டும் நம்பி வாழ்ந்த கழகத்திற்கு, வாரம் முழுவதும் வாடகை வருவாயும் கிடைக்கிறது.

ஆனால் இங்கேதான் விதி குறுக்கிடுகிறது. மேல்நிலையின் நான்கு படிகளில் செயற்கைத் தரைக்கு இடமில்லை. 1981இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகமும் பின்னர் லூட்டன் முதலிய சில கழகங்களும் விரித்த பழைய தரைகளில் பந்து அளவுக்குமீறி எழும்பியதும், விழுந்த ஆட்டக்காரரின் தோல் உரிந்ததும் அந்த விதிக்குப் பின்னுள்ள கசப்பான ஞாபகங்கள். தெற்கு லண்டனைச் சார்ந்த சட்டன் யுனைடெட் கழகம், மன்றத்திற்குச் சொந்தமான கேண்டர் கிரீன் லேன் மைதானத்தில் 2015இல் புதிய தரையை விரித்தது. 2017ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பையில் அதே தரையில் லீட்ஸ் யுனைடெட்டை வென்று, பின்னர் ஆர்சனலையும் எதிர்த்து ஆடியது. நாட்டின் மிகத் தலைசிறந்த கழகம் ஒன்று அத்தரையில் ஆடிச் சென்றதால் எந்த விபரீதமும் விளையவில்லை. ஆயினும் 2021இல் சட்டன் நான்காம் படிக்கு உயர்ந்தபோது, அத்தரையை அகற்றிப் புல் பயிரிடவேண்டியதாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் உயர்ந்த ஹாரகேட் கழகமும் தரையை மாற்றும் வேலை முடியும்வரை டான்காஸ்டரில் ஆடவேண்டி நேர்ந்தது. ஒரு நகரத்துக் கழகம் வெற்றி பெற்றதற்காக, அந்நகரத்துச் சிறுவர் தம் மாலை நேரங்களை இழக்கவேண்டும் என்று விதிக்கும் சட்டம் நியாயமானதாகாது. அதனை மாற்றவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

எதிர்த் தரப்பாரின் வாதங்களை அலட்சியம் செய்யவும் கூடாது. 2015இல் கனடாவில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை முழுவதும் செயற்கைத் தரையிலேயே ஆடப்பெற்றபோது, ஆட்டக்காரப் பெண்கள் பலர் அதை ஆட்சேபித்து வழக்கே தொடுத்தனர். ஆடுவோரின் உடலைப் பற்றிய அந்தக் கவலை பொய்யன்று. ரப்பர்த் துகள் பற்றிய ஆட்சேபம் அதனினும் கனமானது. தேய்ந்த டயர்களிலிருந்து ஆக்கிய அத்துகள் காலணிகளோடும் மழைநீரோடும் வெளியேறி மண்ணிலும் ஆற்றிலும் சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய விதி, எட்டாண்டு அவகாசம் அளித்து, 2031க்குப் பின் இத்தகைய துகள்களின் விற்பனையைத் தடைசெய்கிறது. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகியிருப்பினும், தக்கைத் துகள் போன்ற மாற்றுப் பொருள்களை நோக்கிச் செல்வதே விவேகம். மேலும், கம்பளம் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் தேய்ந்துபோகும். வாடகை வருவாயில் ஒரு பங்கை அதன் மாற்றத்திற்கென ஒதுக்காத கழகம், பத்தாம் ஆண்டில் மறுபடியும் கடன்காரனின் வாசலில் நிற்கும்.

நேரத்தின் பாத்தியதை நிலத்தின் பாத்தியதையின்றி நில்லாது என்பதற்கு டல்லிச் ஹாம்லெட் கழகத்தின் அநுபவம் சாட்சி. 1893இல் தோன்றிய இக்கழகத்தின் சாம்பியன் ஹில் மைதானத்தில் 1948 ஒலிம்பிக் போட்டிகளின் கால்பந்து ஆட்டமொன்றும் நடந்தது. அந்தப் பெரிய மைதானம் பின்னர் இடிக்கப்பட்டு, ஒரு பகுதி நிலத்தில் பேரங்காடி எழ, மறுபகுதியில் 1992இல் சிறிய மைதானம் அமைந்தது. இதுவும் ஒரு புனரமைப்பே, ஆனால் நிலத்தின் பாத்தியதை கழகத்திடம் நிலைக்கவில்லை. 2014இல் நிலம் கட்டிட முதலீட்டு நிறுவனமொன்றின் கைக்கு மாறிற்று. அக்காலத்திலேயே அக்கழகம் அப்பகுதி மக்களின் பெரும் அபிமானத்தைப் பெற்றிருந்தது. அந்தப் படியில் வேறெங்கும் காண்பதரிதான கூட்டம் அங்கே திரண்டது. இருந்தும் 2018ஆம் ஆண்டு மார்ச்சில், வீடு கட்டும் திட்டத்தைப் பற்றி மன்றத்தோடு நிகழ்ந்த பிணக்கின் நடுவில், உரிமம் ரத்தாகிக் கதவு அடைபட்டது. கழகத்தின் பெயரே வணிகக் குறியாகப் பிறரால் பதிவு செய்யப்பட்டிருந்தது என்ற செய்தியும் வெளிவந்தது. அக்கழகம் அண்டைக் கழகமொன்றின் மைதானத்தில் ஆடி, அப்பருவத்திலேயே மேற்படிக்கும் உயர்ந்தது; மக்களின் கிளர்ச்சிக்குப்பின் அவ்வாண்டு டிசம்பரில் சாம்பியன் ஹில்லுக்குத் திரும்பிற்று. அபிமானத்திற்கும் பாத்தியதைக்கும் உள்ள வேற்றுமையை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் உணர்த்தமுடியாது.

மான்செஸ்டரின் மாஸ்டன் பகுதியில் எஃப்.சி. யுனைடெட் கழகம் 2015இல் திறந்த பிராட்ஹர்ஸ்ட் பார்க் வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே கழகம் உறுப்பினர்களின் கூட்டுடைமை. பங்கு எவ்வளவு வாங்கியவருக்கும் வாக்கு ஒன்றே. சாதாரண மக்கள் வாங்கிய சமூகப் பங்குகளிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் பவுன் திரண்டது. ஒருபுறத்து நிலைப்படி மேடை, இடிக்கப்பட்ட மற்றொரு கழகத்து மைதானத்திலிருந்து பெயர்த்துக் கொணர்ந்தது. கடன் சுமையும் உட்பூசலும் அக்கழகத்தையும் விட்டபாடில்லை. எனினும் அந்தப் பூசல் உறுப்பினர் கூட்டத்தில் வாக்கெடுத்துத் தீர்க்கப்படுகிறதேயன்றி, ஒரு நாள் காலையில் கதவில் பூட்டுத் தொங்குவதில்லை.

சட்டம் இதுவரை அளித்த பாதுகாப்பு அற்பமானது. 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி ஒரு மைதானத்தைச் சமுதாய மதிப்புடைய சொத்தாகப் பதிவு செய்யலாம். விற்பனைக்கு வந்தால் மக்கள் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் உண்டு. ஆனால் அம்மக்களுக்கே விற்கவேண்டும் என்ற கட்டாயம் உடையவருக்கு இல்லை. 2025ஆம் ஆண்டு ஜூலையில் நிறைவேறிய கால்பந்து ஆட்சிமுறைச் சட்டம் இதைவிட வலியது: அது நிறுவிய ஒழுங்காணையத்தின் சம்மதமின்றிக் கழகம் தன் மைதானத்தை விற்கவோ ஊர் மாறவோ கூடாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு முதல் ஐந்து படிகளோடு நின்றுவிடுகிறது. அச்சட்டம் நிறைவேறியபோது மெய்ட்ஸ்டோன் ஆறாம் படியில் இருந்தது. டார்ட்ஃபோர்டும் டல்லிச்சும் மான்செஸ்டர்க் கழகமும் அதற்கும் கீழே இருந்தன. பாதுகாப்பு மிகவும் வேண்டப்படும் இடத்தில் அது இல்லை. அச்சட்டத்தின் எல்லையை, சொந்தச் சுற்றுச்சுவர் உள்ள கடைசி மைதானம்வரை நீட்டிக்கவேண்டுமென்று அந்நாட்டுப் பாராளுமன்றத்தினர் வற்புறுத்துவார்களாக.