திராட்சையும் மாதுளையும்: இப்னு பதூதா கண்ட இரு தென்கரைகள்

மைசூரில் இருந்துகொண்டு ஹொய்சளர் வரலாற்றைப் படிப்பவன் தென் ஸ்பெயின் கடற்கரையைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். விடுமுறை நாள்களில் இங்கிருந்து மாணவர்கள் திரளாகச் சென்று காணும் சோமநாதபுரம் கோயில் 13ஆம் நூற்றாண்டில், ஹொய்சளர் செழித்திருந்த காலத்தில் எழுந்தது. அம்மரபின் வலிமை வாய்ந்த கடைசி மன்னன் மூன்றாம் வீரவல்லாளன். அவனது முடிவைப் பற்றி விரிவாக எழுதியவர் தாஞ்சியர் நகரத்துப் பயணி இப்னு பதூதா. அவரே சில ஆண்டுகள் கழித்து அந்தலூசியக் கடற்கரையில் ஒரு சிறு உலா சென்றார். அந்த உலாவைப் படிக்காமல் அவருடைய மதுரைச் செய்திகளை எடைபோட இயலாது என்பது என் எண்ணம்.

புறப்பட்டபோது அது உலாவாக இருக்கவில்லை. காஸ்டீல் மன்னன் பதினோராம் அல்போன்சோ ஜிப்ரால்டரை முற்றுகையிட்டிருந்தான். அதைக் காக்கும் போரில் பங்குகொள்ளவே இப்னு பதூதா கடல் கடந்தார். 1350 மார்ச்சில் கொள்ளைநோய் அல்போன்சோவின் உயிரைப் பறித்தது, முற்றுகை கலைந்தது. போருக்கு வந்தவருக்கு ஊர் பார்ப்பதே மிஞ்சியது.

ஜிப்ரால்டர், ரோந்தா, மார்பெல்லா. அங்கிருந்து மாலகா செல்லும் சாலையில் தமக்கு முன்னே போன குதிரைவீரர் கூட்டத்தைத் தொடர்ந்து சென்றார். வழியில் ஒரு குதிரை செத்துக் கிடந்தது. சற்றுத் தள்ளி மீன்கூடை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. எதிரியின் நான்கு கப்பல்கள் கரையொதுங்கியிருந்தன. காவற்கோபுரத்தில் காவலன் இல்லை. பன்னிருவரில் ஒருவன் மடிந்தான், ஒருவன் தப்பினான், பத்துப்பேர் சிறைப்பட்டனர். கூடைக்குரிய மீனவனும் கொல்லப்பட்டான். இன்று வெயில் காயும் பயணிகளுக்காகவே விளம்பரப்படுத்தப்படும் கரை அது.

மாலகாவில் அவர் வியந்தவை திராட்சை, மாதுளை, அத்தி, பொன்பூச்சு மட்பாண்டம். அதே நகரின் பள்ளிவாசலில் நீதிபதி அமர்ந்து, சாலையில் பிடிபட்டவர்களை மீட்கப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். பழமும் மீட்புப்பணமும் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. பயண நூல்களில் இத்தகைய இடங்களையே நான் பெரிதும் நம்புகிறேன்.

இனி நம் கரைக்கு வருவோம். 1340களில் இலங்கையிலிருந்து வந்த அவரது கப்பல் மாபார் கரையருகே சிதைந்தது. மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாம்கானி அவருக்கு மனைவிவழி உறவினன். ஆயினும் கைதிகளைப் பெண்டு பிள்ளைகளோடு கழுவேற்றிய அவனது கொடுமையை அவர் மறைக்கவில்லை. பத்தன் என்னும் துறைமுகத்தில் கடலுக்குள் கட்டிய மரமண்டபத்தையும் திராட்சையையும் நல்ல மாதுளையையும் பாராட்டுகிறார். அத்துறை எது என்பதில் அறிஞர்கள் இன்றுவரை உடன்படவில்லை. வல்லாளனைப் பற்றி அவர் கூறுவது இது: கண்ணனூர்ப் போரில் உயிருடன் பிடிபட்டான், செல்வமெல்லாம் கறந்தபின் கொல்லப்பட்டான், வைக்கோல் அடைத்த அவன் தோல் மதுரை மதிலில் தொங்கியதைத் தாமே கண்டார். கன்னடக் கல்வெட்டு ஒன்றோ, 1342இல் துருக்கரோடு பொருது அவன் வீழ்ந்ததாக மட்டும் சொல்கிறது.

எதை ஏற்பது? இங்குதான் கிரனாடா உதவுகிறது. அந்நகரில் ஒரு சட்ட அறிஞரின் தோட்டத்தில் கூடியோருக்கு இப்னு பதூதா தம் பயணங்களைச் சொல்லி மகிழ்வித்தார். கேட்டவர்களுள் ஒருவர் இப்னு ஜுஸய் என்னும் இளம் எழுத்தர். பின்னர் ஃபெஸ் நகரில், மரீனித் சுல்தானின் ஆணைப்படி, 1355இல் நிறைவெய்திய பயண நூலை எழுத்தில் வடித்தவரும் அவரே. ஆகவே மதுரைச் செய்தி நூலாவதற்கு முன்பே அவைகளில் சொல்லிப் பழகிய கதையாகியிருக்க வேண்டும். குறிப்பேடுகளும் அவர் கையில் இருந்திருக்க வாய்ப்பில்லை: மாபாரை விட்டுச் செல்கையில் ஹொன்னாவருக்கும் பார்க்கூருக்கும் இடையே, இந்தக் கர்நாடகக் கடலில்தான், கொள்ளையர் அவரது உடைமை அனைத்தையும் பறித்தனர்.

மறுபுறம், மக்கா, டமாஸ்கஸ் வருணனைகளுக்கு முன்னோரான இப்னு ஜுபைரின் நூலிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்ட இப்னு ஜுஸய்க்கு, மாபாருக்கு அப்படியொரு மூலநூல் இருந்ததாகத் தெரியவில்லை. கிரனாடாப் பகுதியில் அவர் செய்யுள்களைச் செருகுகிறார். மதுரைப் பகுதி வறண்டே நிற்கிறது. அங்கே பிழை இருந்தால் அது நினைவின் பிழை, இரவல் பிழை அன்று. வல்லாளனுக்கு எண்பது வயது என்கிறார். 1292 முதல் ஆண்ட மன்னனுக்கு அது பொருந்தாத கணக்கல்ல. தோலைப் பற்றிய செய்தியை நான் ஏற்கிறேன். பிடிபட்டபின் நிகழ்ந்த பேரத்தை அவர் காணவில்லை, வென்றவர் வாய்மொழியாகக் கேட்டதே. அதைப் பாடநூல்கள் ஐயமின்றித் தருவது சரியல்ல. கல்வெட்டு வைத்தவர்களுக்கும் தம் மன்னன் களத்தில் வீழ்ந்ததாகச் சொல்லவே விருப்பம் இருந்திருக்கும்.

கிரனாடாவில், தம் ஊரைப்போல இருப்பதாகக் கருதித் தங்கிவிட்ட துறவியர் சிலரையும் அவர் குறிக்கிறார்: சமர்கந்து, தப்ரீஸ், கோன்யா, குராசான் என ஊர்களை எண்ணி, இந்தியாவிலிருந்து வந்தவர் இருவர் என்கிறார். பெயர் அலி, ரஷீத். இந்தியாவின் எந்தப் பகுதி என்று எழுதவில்லை.