திரும்பி வராத பெட்டி

சின்ன வயதில் எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுப் பரணில் என் சொத்தாக ஒரு பவுடர் டப்பா இருந்தது. அது நிறையப் பிலிம் துண்டுகள். ரங்கராஜா கொட்டகையில் பிலிம் அறுந்தால் ஆபரேட்டர் இரண்டு முனைகளையும் பிளேடால் சுரண்டுவார். பிலிம் சிமெண்டைத் தொட்டுத் தடவி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுவார். வெட்டிப் போட்ட துண்டுகளைப் பொறுக்கத்தான் நாங்கள் மாடிப்படியில் காத்துக் கிடப்போம். பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பினால் லென்ஸ். சித்திரை வீதி வெயிலைத் திருப்ப ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அப்பாவின் வேட்டி திரை. எங்கள் பண்டமாற்றில் ஓர் எம்.ஜி.ஆர். துண்டுக்கு மூன்று நாகேஷ் துண்டு கொடுக்க வேண்டும். சிரிப்புக்கு அன்றைக்கே விலை குறைவு.

அந்தப் பிலிமெல்லாம் ஊர் ஊராகப் பெட்டியில்தான் வரும். தமிழ் சினிமாவின் அந்தப் பெட்டிப் பயணத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட ஊர் திருச்சி. 1905-இல் இங்கே ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், படம் காட்ட வந்த டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். பின்னாளில் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டும்வரை அவருடைய சினிமா, பெட்டியில்தான் பயணம் செய்தது.

பேசும் படம் வந்த பிறகும் பெட்டியின் அலைச்சல் ஓயவில்லை. ஒரு சுருள் ஆயிரம் அடி. திரையில் பதினோரு நிமிடம். பன்னிரண்டு, பதினைந்து சுருள்கள் தகர டப்பாக்களில் அடங்கிப் பெட்டிக்குள் போகும். ஒருவர் தலையில் ஏற்ற இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். எழும்பூரில் ரயிலேறி விருத்தாசலம், அரியலூர் வழியாக வந்தால் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் முதலில் வரும். ஆனால் பெட்டி அங்கே இறங்காது. திருச்சி ஜங்ஷன் போய், விநியோகஸ்தர் அலுவலகத்தில் பதிவாகி, டவுன் கொட்டகைகளில் ஓடி முடித்து, காவிரிப் பாலம் தாண்டித்தான் எங்கள் ஊருக்குத் திரும்பி வரும். அப்புறம் லால்குடி, முசிறி, டூரிங் டாக்கீஸ் மணல் தரை. போகப் போக மழைக்கோடுகள் கூடும், ஒட்டுகள் பெருகும், வசனம் பாதியில் தாவும். “பொட்டி வந்துடுச்சு” என்று யாராவது ஒருவன் தெருவில் கத்திக்கொண்டு ஓடினால் போதும், அன்றைக்குப் பாடம் ஏறாது.

அப்படிப் புறப்பட்டு, இன்று எங்குமே இல்லாமல் போன ஒரு பெட்டியின் கதை இது. பெயர் ‘மிஸ் மாலினி’.

உலகப் போர் முடிகிற நேரத்தில் சினிமாவுக்குச் சிரிக்க ஆசை வந்தது. ஹாலிவுட்டில் விடுப்பில் கரையிறங்கிய கடற்படைச் சிப்பாய்கள் ஆடினார்கள், பாடினார்கள். 1945-இல் ‘ஆங்கர்ஸ் அவே’, 1949-இல் ‘ஆன் தி டவுன்’. நம் ஊரில் போர் விட்டுப்போனது ரேஷன் கடை வரிசையும் கறுப்புச் சந்தையும்தான். கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் நீளக்கூடாது என்ற கட்டுப்பாடு வரை பார்த்தாயிற்று. பணம் சேர்ந்தவர்களுக்கெல்லாம் படம் எடுக்கும் ஆசை. அவர்களிடம் கறந்துகொண்டு மறைகிறவர்களுக்கும் நல்ல காலம். இந்தச் சூழலைக் கூர்ந்து பார்த்து ஆர்.கே. நாராயண் ஒரு கதை எழுதினார். சினிமாவுக்கென்றே அவர் நேராக எழுதிய கதை அது ஒன்றுதான். ஜெமினி ஸ்டூடியோ எஸ்.எஸ். வாசன் தயாரித்து, 1947 செப்டம்பரில், நாடு விடுதலை பெற்ற அடுத்த மாதமே படம் வெளியானது.

நாடக நடிகை மாலினி சினிமாவில் உச்சத்துக்குப் போகிறாள். சம்பத் என்ற எத்தன் வந்து ஒட்டிக்கொள்கிறான். சொந்தப் படம் எடுக்கலாம் என்று ஆசை காட்டி, அவள் கடனில் மூழ்கியதும் காணாமல் போகிறான். மாலினியாகப் புஷ்பவல்லி. சம்பத்தாகக் கொத்தமங்கலம் சுப்பு. படத்தை இயக்கியவரும் அவரே. புதுக்கோட்டைக்காரரான ஜெமினி கணேசன் முதன்முதலில் திரையில் தலைகாட்டியதும் இதில்தான். படித்தவர்கள் பாராட்டினார்கள். வசூல் வரவில்லை. அடுத்த ஆண்டே அதே ஸ்டூடியோவிலிருந்து ‘சந்திரலேகா’ வந்தது. முரசு நடனத்தின் பேரோசையில் இந்தச் சின்னச் சிரிப்பு அமுங்கிவிட்டது.

ஆனால் சம்பத் லேசில் சாகிறவன் இல்லை. 1949-இல் நாராயண் அவனை ஆங்கில நாவலில் கொண்டுவந்தார். நாராயணின் கற்பனை ஊரான மால்குடியில் அச்சகம் நடத்திய அவன், அங்கும் சினிமாக் கம்பெனியில் நுழைந்தான். 1952-இல் வாசனே இயக்கி, மோதிலாலும் பத்மினியும் நடிக்க, ‘மிஸ்டர் சம்பத்’ ஆகி இந்தி பேசினான். இருபது ஆண்டு கழித்து, 1972-இல், சோ இயக்கி நடித்த ‘மிஸ்டர் சம்பத்’ மூலம் தமிழுக்கே திரும்பினான். நாவல் இன்றும் கடையில் கிடைக்கிறது. இந்திப் படத்தைப் பார்க்க முடிகிறது. சம்பத் பிறந்த தமிழ்ப் படத்துக்கு மட்டும் ஒரு பிரதியும் மிஞ்சியதாகத் தெரியவில்லை. புஷ்பவல்லியின் மாலினியையும், சுப்புவின் சம்பத்தையும், ஜெமினி கணேசனின் முதல் காட்சியையும் இனி நாம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டிகள் எங்கே போயின? அந்தக் காலப் பிலிம் நைட்ரேட்டில் செய்தது. வெடிமருந்துக்கு உறவு. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். ஆபரேட்டர் அறையில் மணல் வாளிகள் வரிசையாகத் தொங்கியது அதற்காகத்தான். எரியாமல் தப்பினாலும் நம் ஊர் வெக்கையில் பிசுபிசுத்து, ஒட்டிக்கொண்டு, கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். அதற்கும் முன்பே ஆட்கள் வந்துவிடுவார்கள். பிலிமின் மேல் பூசிய பசையில் வெள்ளி இருக்கிறது. ஓடி முடித்த சுருள்கள் எடைக்குப் போகும். கழுவி வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள். வெற்றிப் படத்தின் பெட்டி மறு வெளியீட்டுக்காக அலமாரியில் இருக்கும். தோற்ற படத்தின் பெட்டிக்கு அலமாரி வாடகை தண்டம். கதாநாயகன் துண்டுக்கு மூன்று சிரிப்புத் துண்டு என்ற எங்கள் தெருக் கணக்கைத்தான் பெரியவர்களும் பெரிய அளவில் போட்டார்கள்.

தமிழின் முதல் பேசும் படமான 1931-ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ படமே இன்று நம்மிடம் இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பிறந்தது 1964-இல். அதற்குள் ‘மிஸ் மாலினி’ வெளியாகிப் பதினேழு ஆண்டு ஓடிவிட்டது. காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்த சுருள்களிலும் ஏராளமான நைட்ரேட் பிலிம்கள் 2003 ஜனவரியில் அங்கே நடந்த தீ விபத்தில் எரிந்து போயின.

போருக்குப் பின் நம் மக்கள் எதற்குப் பயந்தார்கள், யாரிடம் ஏமாந்தார்கள், எதைக் கேலி செய்து ஆறுதல் தேடினார்கள் என்பதையெல்லாம் ராஜா ராணிப் படங்களில் தேட முடியாது. சின்னச் செலவில், சமகாலத் தெருவைக் காட்டிய சிரிப்புப் படங்களில்தான் அது கிடைக்கும். அவற்றைத்தான் நாம் முதலில் எடைக்குப் போட்டோம். இது பெரிய இழப்பு.

பரணிலிருந்த என் பவுடர் டப்பாவும் ஒரு பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது போய்விட்டது. அதனால் இதைக் கேட்கிறேன். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும், சுற்றுவட்டாரத்திலும், ஒரு காலத்தில் கொட்டகை நடத்திய குடும்பங்கள், விநியோகம் செய்த குடும்பங்கள், ஆபரேட்டராக வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில், கிட்டங்கியில், மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்த தகரப் பெட்டி இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள். அருகில் விளக்கோ சிகரெட்டோ கொண்டுபோகாதீர்கள். சுருளைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். பெட்டிமேல் எழுதியிருக்கும் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு புனே காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்தப் பெயர் ‘மிஸ் மாலினி’ என்று இருந்துவிட்டால், தமிழ்நாடே உங்களுக்குக் கடன்பட்டிருக்கும்.